குப்பிக்குள் விழுந்த பொன்னாடை

'நெகிழித் துகள் ஆய்வுக்கான மாதிரிக் குப்பி திறந்திருக்கும் வேளையில், செயற்கை இழை ஆடை அணிந்த எவரும் அதன் அருகில் நிற்றல் ஆகாது. மாதிரிக் குப்பிக்குப் பக்கத்தில், அதே நேரத்துக்கு, ஒரு வெற்றுக் குப்பியும் திறந்து வைக்கப்பட வேண்டும்.'

எங்கள் நீர் ஆய்வு மையத்தின் செயல்முறைக் கையேட்டில் உள்ள விதி இது. எழுதிய குழுவில் நானும் இருந்தேன். முதல் வரைவில் 'பணியாளர் எவரும்' என்று இருந்தது. 'பணியாளர்' என்ற சொல்லை வெட்டச் சொன்னது நான்தான். சிறப்பு விருந்தினர் பணியாளர் ஆவாரா என்று பின்னால் யாராவது வாதாடக் கூடாது அல்லவா? யாரும் வாதாடவில்லை. வாதாடுவதற்கு முதலில் விதியைப் படித்திருக்க வேண்டும்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் வெற்றுக் குப்பியை ஒரு சம்பிரதாயம் என்று நினைப்பீர்கள். நானும் உங்கள் வயதில் அப்படித்தான் நினைத்தேன். நம் தொழிலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பூச்சிக்கொல்லியை ஆய்வு செய்கிறவரின் உடம்பிலிருந்து பூச்சிக்கொல்லி உதிர்வதில்லை. நாம் தேடுவதும் நெகிழி, நாம் உடுத்தியிருப்பதும் நெகிழி. சட்டை, துப்பட்டா, கைக்குட்டை எல்லாம் நாள் முழுக்க உதிர்ந்துகொண்டே இருக்கின்றன. பக்கத்தில் திறந்து வைத்த வெற்றுக் குப்பியில் என்ன விழுந்ததோ அது நம்முடையது, மீதிதான் தண்ணீருடையது. அந்தக் குப்பி இல்லாவிட்டால் எது யாருடையது என்று சொல்லச் சாட்சி கிடையாது.

செஞ்சியில் நான் பணியாற்றிய கடைசி ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி ஒரு சிறிய ஊர். ஏரிக்கரைக் கிணறுதான் குடிதண்ணீர். கடலை மூட்டைகளின் கிழிந்த சாக்கு, கோட்டைக்கு வருகிறவர்கள் கைவிட்ட தண்ணீர் பாட்டில், பிரியாணிப் பொட்டலத்தின் உறை என்று சுற்றுவட்டாரத்தில் வீசப்படும் எதையும் காற்றும் மழையும் கடைசியில் ஏரிக்குத்தான் கொண்டுவந்து சேர்க்கும். எங்கள் பக்கத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. பாறை சூடேறி இரவு வரைக்கும் அனல் விடும். அந்த வெயிலில் சாக்கு பொடியாகி, பொடி தூளாகி, தூள் கிணற்றில் இறங்கியிருந்தது.

அங்கே ஒரு வடிகட்டும் அலகை வைத்துச் சோதித்துப் பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. முதலில் மணல் படுகை. அதற்குப் பிறகு செம்புத் துகள் ஏற்றிய பருத்தித் துணிச் சுருள். துணி துகளைப் பிடிக்கும், செம்பு கிருமியை வளர விடாது. ஈரத் துணியைச் சுருட்டி வைத்தால் நாறும். அது நாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம். இதையே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினால் முப்பது பக்கம் வரும்.

அலகுக்கு இடம் கொடுத்தவர் நயினார். கடலை வியாபாரி, சமணர். அவர் வீட்டில் எல்லாரும் பல தலைமுறையாகத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிக்கிறார்கள். ஒரு சிற்றுயிரும் வயிற்றுக்குள் போய்விடக் கூடாது என்பது அவர்கள் நெறி. எங்கள் திட்டத்தைக் கேட்டதும், "இதுக்கு ஆராய்ச்சியா மேடம்? எங்க வீட்டு அடுப்படிக்கு வந்திருந்தா அரை நாள்ல முடிஞ்சிருக்குமே" என்றார். ஆனாலும் இடம் கொடுத்தார்.

அலகுப் பொறுப்பாளர் கலைச்செல்வி. அதே ஊர், காலனித் தெரு. அவள் அப்பா கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். வேதியியலில் முதுகலை முடித்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் எங்களிடம் சேர்ந்திருந்தாள். அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. ஏன் என்று கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டாள். அலுவலகத்தில் பலருக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் தலைவலி. எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அலகின் தொடக்க விழா ஏற்பாடானது. விழா என்றால் எனக்குக் களப்பணி வந்துவிடும். பணிக்காலம் முழுக்க இந்த நோய் உண்டு. அன்றைக்கும் தளவானூரில் ஒரு கிணற்றுக்கு அவசரமாகப் போக வேண்டியதாகிவிட்டது. சென்னையிலிருந்து எங்கள் இயக்குநர் வந்தார். நல்ல மனிதர். சுறுசுறுப்பு, கலகலப்பு, மைக்கைக் கண்டால் முகம் மலரும். ஒரே குறை, எதிலும் அவசரம். தலைமை விருந்தினரும் அவர், திட்டத் தலைவரும் அவர். அலகின் முதல் மாதிரியைத் தன் கையாலேயே எடுத்துத் தொடங்கி வைத்தார்.

மாதிரி என் ஆய்வகத்துக்கு வந்தது. வடிகட்டும் முன் எடுத்தது ஒன்று, வடிகட்டிய பின் எடுத்தது ஒன்று. வெற்றுக் குப்பி வரவில்லை. கேட்டதற்கு, "அது படத்துல அசிங்கமா இருக்குன்னு போட்டோக்காரரு எடுத்து ஓரமா வெச்சுட்டாரு" என்றார்கள்.

மாதிரித் தண்ணீரை வடித்தெடுத்த வடிதாளை நுண்ணோக்கியில் வைத்ததும் எனக்கே திகைப்பாகத்தான் இருந்தது. வடிகட்டாத தண்ணீரில் வழக்கம்போல வெளுத்த சாக்கு நார்கள், பழுப்பேறிய பைத் துணுக்குகள். வடிகட்டிய தண்ணீரிலோ கிளிப்பச்சை இழைகள், நடுநடுவே தங்க நிறத்தில் மின்னும் செதில்கள்! ஏதோ கல்யாண மண்டபத்தைக் கூட்டி அள்ளியது மாதிரி இருந்தது. ஒரு மூலையில் கரும்பச்சையாக ஒரு சின்ன உருண்டை. 'உருகிய துணுக்கு, மூலம் தெரியவில்லை' என்று குறித்தேன். எண்ணினேன். வடிகட்டாத தண்ணீரைவிட வடிகட்டிய தண்ணீரில் நெகிழி அதிகம்.

செய்தி ஊருக்குப் போக அரை நாள் ஆகவில்லை. நயினார் போன் செய்தார்.

"மேடம், நாங்க தண்ணியத் துணியில வடிகட்டுறோம். நீங்க துணியத் தண்ணியில வடிகட்டுறீங்களா?"

எண்ணிக்கை என் பொறுப்பு, அது சரியாகத்தான் இருந்தது. கருத்துப் பகுதி திட்டத் தலைவருடையது. அவர் சென்னையில் இருந்தபடியே எழுதி அனுப்பினார்: 'பச்சை இழைகள், மாதிரி எடுப்பின்போது உடனிருந்த அலகுப் பொறுப்பாளரின் பச்சைச் சேலையிலிருந்து உதிர்ந்தவையாக இருக்கலாம். பணியாளரின் கவனக்குறைவு.' கூடவே இரண்டு உத்தரவுகள். மறு அறிவிப்பு வரும்வரை குழாயைப் பூட்டி வைக்கவும். மாதக் கடைசியில் முடியும் பொறுப்பாளரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.

மறுநாள் காலை கலைச்செல்வி என் மேசைக்கு முன்னால் நின்றாள்.

"இன்னா மேடம் இது? 'இருக்கலாம்'னு ஆரம்பிச்சு 'கவனக்குறைவு'ன்னு முடிச்சிருக்காரு. நடுவுல ஒரு சூடான ஊசி வெச்சு, உருகுதா எரியுதான்னு பாத்திருக்கக் கூடாதா?"

"கோட்டு போடாம சேலை எதுக்குக் கட்டினே?"

"நானா கட்னேன்? வெள்ளக் கோட்டு போட்டா ஆஸ்பத்திரி மாதிரி இருக்குது, நல்ல பொடவையா கட்டிக்கினு வாம்மான்னு விழாக் கமிட்டியில சொன்னாங்க. எங்கம்மாவோட சுங்குடிப் பொடவை. பச்சைதான். அதுக்கு? ஊரே பச்சையா இருக்குது, நெல்லு வயலையும் சஸ்பெண்ட் பண்ணுவாங்களா?"

"உக்காரு. அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு மொதல்லேருந்து சொல்லு."

சொன்னாள். விழா மேடையை மாதிரிக் குழாயை ஒட்டியே போட்டிருக்கிறார்கள். குத்துவிளக்கும் அங்கேதான். இயக்குநருக்கு ஒரு பொன்னாடை. கிளிப்பச்சை, ஓரத்தில் தங்கச் சரிகை, முனையில் குஞ்சம்.

"ஐயா அதப் போட்டுக்கினே மாதிரி எடுக்க வந்தாரு மேடம். குப்பியத் தெறந்து புடிச்சுக்கினு கேமராவப் பாத்துச் சிரிச்சாரு. போட்டோக்காரரு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்ன்றாரு. குஞ்சம் போய் வெளக்குல பட்டுச்சு. சர்ருனு சுருண்டுச்சு. ஐயா பயந்துபோய்ப் படபடன்னு ஒதறினாரு. எங்க ஒதறினாரு? தெறந்த குப்பி மேல."

"நீ சொல்லலியா?"

"நா வாயத் தெறக்கறதுக்குள்ள தவில்காரரு கெட்டிமேளம்னு நெனச்சுத் தட்ட ஆரம்பிச்சுட்டாரு. எல்லாரும் பூவத் தூவிட்டாங்க."

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தி, "எனக்கு வேலை போவுது மேடம்" என்றாள்.

சேலையைக் கொண்டுவரச் சொன்னேன். ஓரத்தில் ஒரு நூல் உருவித் தீயில் காட்டினோம். காகிதம் எரிகிற வாசனை, கொஞ்சம் சாம்பல், அவ்வளவுதான். சுத்தமான பருத்தி. "அப்பாடா, எங்கம்மா விடுதலை" என்றாள். வாராந்திர மாதிரி எடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை என்பதால் பூட்டைத் திறந்து, கோட்டுப் போட்டு, வெற்றுக் குப்பியும் வைத்து, ஒழுங்காக ஒரு மாதிரி எடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பச்சை இழை கிடையாது.

இதைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். சேலை இல்லை என்று காட்டியிருக்கிறீர்கள், எது என்று காட்டவில்லையே என்பார்கள். கேட்க எரிச்சலாக இருந்தாலும், அப்படிக் கேட்க வைக்கும் விதி நியாயமானது. பிடிக்காத முடிவையெல்லாம் ஆய்வகம் தன்னிஷ்டத்துக்குத் தள்ளிவிட முடியாமல் இருப்பதற்காகவே அதைப் போட்டோம். பதிவான ஒரு மாதிரியை ரத்து செய்ய வழி இரண்டுதான். மாதிரி எடுத்தவர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். அல்லது, உதிர்ந்த பொருள் எங்கிருந்து வந்தது என்று ஆய்வகம் நேரில் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும்.

முதல் வழியைத் தொடங்கினேன். மாதிரி எடுத்தவர் இயக்குநர். 'மாதிரி எடுத்தபோது தாங்கள் அணிந்திருந்த பொன்னாடையின் இழை வகை குறித்து விளக்கம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று முறையாக ஒரு கடிதம் அனுப்பினேன். என் பணிக்காலத்தில் அதைவிடப் பணிவான கடிதம் நான் எழுதியதில்லை. பதில் வரவில்லை. போனில் பிடித்தேன்.

"எந்தச் சால்வை மேடம்? வாரத்துக்கு ரெண்டு போடறாங்க. எதை எங்கே விட்டேனோ! லெட்டர் போட்டிருக்கீங்கள்ல, செக்ஷன்லேருந்து பதில் வரும்" என்றார். அவர் மறைக்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

இரண்டாவது வழிக்குப் பொன்னாடை வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் பொன்னாடைகளுக்கு மட்டும் பணி ஓய்வு கிடையாது என்பதை நீங்களும் சீக்கிரம் கவனிப்பீர்கள். விருந்தினர் கழற்றி நாற்காலியில் விட்டுவிட்டுப் போவார். அலுவலக உதவியாளர் முருகேசன் அதை மடித்து, தேய்த்து, பளபளக்கும் உறையில் போட்டு, கண்ணாடிக் குடுவைகள் வைக்கும் அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிடுவார். அடுத்த விழாவுக்கு அது புதுப் பொன்னாடை. முருகேசன் வல்லத்துக்காரர். எந்த விருந்தினருக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதுவரை தெரியும். ஒரே ஆளுக்கு அவர் பொன்னாடையே திரும்பிப் போனதாக ஒரு புகார் கிடையாது.

"முருகேசன், அந்தக் கிளிப்பச்சை எங்கே?"

அலமாரியைத் திறந்து காட்டினார். ஊதா இருந்தது, ஆரஞ்சு இருந்தது, சிவப்பு இரண்டு இருந்தன.

"அது இல்லீங்க மேடம். ஐயாவே போட்டுக்கினு கார்ல ஏறிட்டாரு."

"நீ பாத்தியா?"

"பாத்த மாதிரிதான் இருந்துச்சு" என்று மின்விசிறியைப் பார்த்தார்.

அவர் மின்விசிறியைப் பார்த்ததை நான் கவனித்தேன். ஆனால் அந்த மனிதர் அதுவரை என்னிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை.

நாட்கள் போயின. குழாயைப் பூட்டியதால் ஊர்க்காரர்கள் மறுபடியும் கிணற்றுத் தண்ணீருக்கே போனார்கள். கலைச்செல்வி தினமும் அலகுக்குப் போய், பூட்டிய குழாயைத் துடைத்துவிட்டு வந்தாள். "ஓடாத வண்டிக்கு நா கண்டக்டர் மேடம்" என்பாள். எனக்கோ மாதக் கடைசி நாள்தான் பணி ஓய்வு. என் இடத்துக்கு யாரையும் போடவில்லை. நான் போன பிறகு ஆய்வகப் பொறுப்பு சென்னைக்குப் போய்விடும். அறிக்கையைத் திருத்திக் கையெழுத்திடும் அதிகாரம் செஞ்சியில் எனக்கு மட்டும்தான், அதுவும் அன்று அலுவலகம் மூடும்வரை. அதே மாலைதான் ஒப்பந்தங்களின் கோப்பும் சென்னைக்குக் கிளம்பும். அதற்குள் பதிலோ பொன்னாடையோ வந்தாக வேண்டும். வராவிட்டால் அவள் பெயருக்கு நேரே 'கவனக்குறைவு' நிரந்தரமாக நிற்கும். அந்தச் சொல்லோடு எந்தப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்குப் போனாலும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கடைசி நாளும் வந்தது. பதில் வரவில்லை. இயக்குநர் வந்தார். எனக்குப் பிரிவு உபசார விழா.

தப்பிக்கக் களப்பணி எதுவும் கிடைக்கவில்லை. முன்வரிசையில் என் வீட்டார், பின்வரிசையில் கலைச்செல்வி. அலகின் சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைப்பதற்காக மடியில் வைத்திருந்தாள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார். விதி என்றால் நான், நான் என்றால் விதி என்று ஆரம்பித்து, என்னிடம் விடுப்பு கேட்டு அவரே பயந்த கதை ஒன்றையும் சொன்னார். அப்படி ஒன்று நடக்கவேயில்லை, ஆனால் நன்றாக இருந்தது. பிறகு முருகேசன் ஒரு தட்டை நீட்டினார். இயக்குநர் அதிலிருந்ததை எடுத்து உதறி என் தோளில் போர்த்தினார்.

கிளிப்பச்சை.

இந்த நிறத்தில் ஊரில் நூறு இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். கை தானாகக் குஞ்சத்துக்குப் போனது. ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே புகைப்படத்துக்குச் சிரித்தேன். ஓரிடத்தில் விரலில் ஒன்று நெருடியது. முடிச்சோ என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. பருத்தி எரிந்தால் சாம்பலாகும். இது உருகி உருண்டையாகி இறுகியிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். பின்வரிசையில் கலைச்செல்வி நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. முருகேசன் மிக்சர் தட்டுகளை மும்முரமாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இப்போது மேடம் ஏற்புரை வழங்குவார்" என்று அறிவித்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசியுங்கள். கையில் சான்று, வாயருகில் மைக், எதிரில் அலுவலகம் முழுவதும். பக்கத்தில் நிற்பவர்தான் அந்தக் கருத்தை எழுதியவர். அப்போது சொல்லியிருந்தால் கைதட்டல் கூரையைப் பிளந்திருக்கும். எனக்கும் ஆசை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் கூட்டத்துக்கு நடுவே தலைகுனிந்த மனிதர் எழுத்தில் விளக்கம் தரமாட்டார். விசாரணைக் குழு வைப்பார். குழுவின் அறிக்கை வருவதற்குள் கலைச்செல்விக்கே பணி ஓய்வு வயது வந்துவிடும். ஒப்பிட்டுக் காட்டி மாதிரியை நானே ரத்து செய்யலாம், ஆனால் 'கவனக்குறைவு' என்ற கருத்தையும் ஒப்பந்த உத்தரவையும் அவர்தான் மாற்ற முடியும். எனக்கு வேண்டியது அவருடைய ஒரு வரி, அன்று மாலைக்குள்.

"எல்லாருக்கும் நன்றி. குறிப்பாக இந்தப் பொன்னாடைக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்" என்றேன். பணிவு என்று நினைத்துக் கைதட்டினார்கள். "டீ ஆறிவிடும்" என்று முடித்துக்கொண்டேன். அந்த மண்டபத்தில் பேசப்பட்ட மிகச் சிறிய ஏற்புரை அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஆய்வக வாசலிலேயே பொன்னாடையைக் கழற்றி, உறையில் போட்டு மூடி, கோட்டு மாட்டிக்கொண்டேன். கலைச்செல்வி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"வடிதாள நா எடுத்துக் குடுக்கறேன் மேடம்."

"நீ எதையும் தொடக் கூடாது. உன் பேர் இதுல இருக்கு. நாளைக்கு யாராச்சும், அவளே வெச்சுட்டான்னு சொல்லுவாங்க."

"அப்ப நா இன்னா பண்றது?"

"வாசல்ல நில்லு. பாலியஸ்டர் துணி போட்டவங்க யாரையும் உள்ளே விடாதே."

வெளியே எட்டிப் பார்த்தாள். "அப்ப ஒருத்தரும் வர முடியாது மேடம்."

பாதுகாப்பில் இருந்த வடிதாளை எடுத்தேன். பக்கத்தில் பொன்னாடையின் இழைகள் சிலவும் சரிகையின் ஒரு துணுக்கும் வைத்தேன். நிறம் ஒன்று, தடிமன் ஒன்று. சூடான ஊசியைக் கொண்டுபோனால் இரண்டும் ஒரே மாதிரி சுருண்டன. சரிகையின் தங்கம் உரிந்து, அதே செதிலாக வந்தது. கடைசியில் குஞ்சத்து உருண்டையையும், 'மூலம் தெரியவில்லை' என்று நான் எழுதி வைத்த உருண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே நெருப்பில் பிறந்தவை.

இயக்குநர் காரில் ஏறப் போனார். "சார், ஒரு நிமிஷம், ஆய்வகத்தைப் பாத்துட்டுப் போங்க" என்றேன். விடைபெறுகிறவள் கேட்டால் யார் மறுப்பார்கள்? ஒரு பருத்திக் கோட்டை மாட்டிவிட்டு உட்கார வைத்தேன்.

குனிந்து பார்த்தார். "ஆஹா, அழகா இருக்கே! என்ன மேடம் இது?"

"எடது பக்கம் நீங்க எடுத்த மாதிரி சார். வலது பக்கம், அன்னிக்கு உங்களுக்குப் போட்டு, இன்னிக்கு நீங்க எனக்குப் போட்ட பொன்னாடை."

அவர் தலையைத் தூக்கவில்லை. குவியத்தைத் திருகினார். மறுபடியும் திருகினார். குத்துவிளக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இடது கை தானாகத் தோளைத் தட்டியது.

"இது யார் யாருக்குத் தெரியும்?" என்றார், குனிந்தபடியே.

"மைக்குல சொன்னா எல்லாருக்கும் தெரியும் சார். மைக்ராஸ்கோப்புல ஒருத்தர்தான் பாக்க முடியும்."

மெல்ல நிமிர்ந்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பேனா இருக்கா மேடம்?" என்றார்.

தன் கருத்தைத் தானே அடித்தார். அதற்குக் கீழே, 'இவ்விழைகள் மாதிரி எடுத்தபோது நான் அணிந்திருந்த பொன்னாடையிலிருந்து உதிர்ந்தவை. பணியாளர் மீது தவறில்லை. இம்மாதிரி ரத்து செய்யப்படலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். இந்த இடத்தில் அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது. அந்த வரியை எழுத எல்லாருக்கும் கை வராது. அதற்குக் கீழே நான் கையெழுத்திட்டேன். அலுவலகம் மூட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பணிக்காலத்தில் என் கடைசிக் கையெழுத்து அது. ஒப்பந்தக் கோப்பில் கலைச்செல்வியின் பெயரை அவரே சேர்த்தார்.

வாசலுக்கு வந்ததும் அவளிடம், "ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"தவில் நிக்கட்டும்னு பாத்தேன் சார். அதுக்குள்ள நீங்க மெட்ராஸ் போய்ட்டீங்க" என்றாள்.

முருகேசனைப் பிடித்தேன். தலையைச் சொறிந்தார்.

"பழசப் போடறோம்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் மேடம் சொல்லல. இருக்கறதுலயே அதான் பளபளன்னு இருந்துச்சு. ஒங்களுக்குன்னு அன்னிக்கே வீட்டுக்கு எடுத்தும்போய் தேச்சு வெச்சுட்டேன். கருகின குஞ்சத்த உள்பக்கமா மடிச்சு வெச்சேன். எப்டிதான் கண்டுபுடிச்சீங்களோ!"

என் மேல் இருந்த பிரியத்தினால் சான்று ஒரு மாதம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்திருக்கிறது. இதற்கு எந்தக் கையேட்டில் விதி எழுதுவது? நானும் யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. கேள்வி கேட்டதும் மின்விசிறியைப் பார்க்கிறவரிடம் இரண்டாவது முறையும் கேளுங்கள் என்று மட்டும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

கிளிப்பச்சை சான்றுப் பொருளாகிவிட்டதால் நான் வெறுந்தோளோடு வீட்டுக்குக் கிளம்பினேன். முருகேசனுக்கு மனசு கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஊதாவை எடுத்துக்கொண்டு கேட்வரை துரத்தி வந்தார். நான் வேகமாக நடந்தேன்.

மறுநாள் குழாய் திறந்தது. முதல் குடம் நயினாருடையது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தன் துணியில் மறுபடியும் ஒருமுறை வடிகட்டித்தான் குடித்தார் என்று கேள்வி.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் இயக்குநருக்கு அனுப்பிய அந்தப் பணிவான கடிதத்தை நான் திரும்பப் பெறவில்லை. எண் போட்டு அனுப்பிய கடிதத்துக்குத் தனி ஆயுள் உண்டு. எழுதியவர் ஓய்வு பெற்றாலும், பிரச்சினையே தீர்ந்துபோனாலும், அது மேசை மேசையாகத் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஒருநாள் காலையில் கலைச்செல்வி போன் செய்தாள். பின்னணியில் ஒரே பெண்கள் சத்தம், குலவை.

"மேடம், ஊரு பொம்பளைங்க எல்லாரும் கொழாய்க்கு மஞ்சள் பூசிப் பூப் போட்டுக் கும்புடறாங்க. கொழாய் வாயில மஞ்ச நூலு கட்டுவேன்றாங்க. கட்ட வுடலாமா?"

"நூல் என்ன நூல்?"

"பருத்திதான். மொதல்லயே ஒண்ணு எரிச்சுப் பாத்துட்டேன்."

"அப்ப கட்டட்டும். மாதிரி எடுக்கறதுக்கு முன்னாடி மட்டும் அவுத்துடு."

"அது தெரியும். நா போன் பண்ணது அதுக்கில்ல. ஒங்க பேருக்கு மெட்ராஸ்லேருந்து ஒரு கவர் வந்துருக்குது. பொன்னாடையப் பத்தி நீங்க எழுதுனதுக்குப் பதிலாம். படிக்கட்டா?"

"படி."

தொண்டையைச் செருமிக்கொண்டு, விழாவில் வரவேற்புரை வாசிப்பவள் மாதிரி படித்தாள்: "'பார்வையில் காணும் தங்கள் கடிதத்தில் குறிப்பிடப்பட்டுள்ள பொன்னாடை எது என்பதைத் தெளிவுபடுத்தி, அதன் மாதிரி ஒன்றையும் இணைத்து, உரிய வழியில் மீண்டும் அனுப்புமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.'"

பின்னால் குலவைச் சத்தம் இன்னும் உயர்ந்தது.

"இன்னா மேடம் பண்றது? சான்றுப் பொருளுலேருந்து ஒரு குஞ்சம் வெட்டி அனுப்பட்டா?"

"ஒண்ணும் பண்ணாதே. வந்து சேர்ந்த தேதியைப் போட்டுக் கோப்புல வை."

"இன்னிக்கு இன்னா தேதி?" என்று பக்கத்தில் யாரையோ கேட்டாள். குழாயடிப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சொன்னது எனக்கே கேட்டது.

ஆடிப் பதினெட்டு.